சபரில் கழிந்த வாழ்வு, சபுரில் நிலைத்த மனம்
பேரறிஞர் இப்னு கல்தூன் வாழ்க்கையிலிருந்து நாம் பெறுவது

நம் சங்கம் தன் பொன்விழாவைக் காணும் இந்த நல்ல வேளையில், மலரைக் கையில் எடுக்கும் குடும்பங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு வாழ்க்கை வரலாற்றைத் தர விரும்பினோம். யாரைப் பற்றி எழுதுவது என்று யோசித்தபோது, நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்விதான் முன்னே வந்து நின்றது. வேலை நெருக்கடி, பிள்ளைகளின் தேர்வு, வீட்டுத் தவணை, ஊரில் இருக்கும் வயதான பெற்றோரைப் பற்றிய கவலை என்று ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. இத்தனைக்கும் நடுவில் சிலர் மட்டும் எப்படி முகம் வாடாமல் இருக்கிறார்கள்? அவர்களுக்குக் கஷ்டம் குறைவா, அல்லது கஷ்டத்தைத் தாங்க வேறு ஏதாவது வைத்திருக்கிறார்களா?

நம் பெரியவர்களின் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று சபர். பிழைப்புக்காகக் கடல் கடந்து போவதை அப்படித்தான் சொல்வார்கள். போனவர் சபராளி. மற்றொன்று சபுர். துன்பம் வந்த வீட்டில் தோளில் கை வைத்து, சபுர் செய்யுங்கள் என்பார்கள். முதலாவது பயணம், இரண்டாவது பொறுமை. அரபியில் வேறு வேறு எழுத்துகளால் ஆன சொற்கள். ஆனால் நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். ரஜூலா கப்பலில் வந்து இறங்கி, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பிள்ளை முகம் பார்த்த நம் பாட்டனார்களுக்கு அவை இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

இந்த இரண்டு சொற்களுக்கும் இலக்கணமாக அமைந்தது, 600 ஆண்டுகளுக்கு முன் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் வாழ்க்கை. சமூகவியலின் தந்தை என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அவருடைய முகத்திமா என்ற நூலின் பெயர் பல பேருக்குத் தெரியும். அந்த நூலை எழுதியவர் எத்தனை முறை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் எழுந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைத்தான் இங்கே நாம் சொல்லப் போகிறோம்.

வேர்கள்

ஹிஜ்ரி 732ஆம் ஆண்டு, ரமளான் மாதத்தின் முதல் நாள். கிறிஸ்துவ ஆண்டுக் கணக்கில் 1332 மே 27. வட ஆப்பிரிக்காவின் தூனிஸ் நகரில் அப்துர் ரஹ்மான் இப்னு முஹம்மது இப்னு கல்தூன் பிறந்தார். இன்று அந்நகரம் துனீசியா நாட்டின் தலைநகர்.

அவருடைய முன்னோர் யமன் நாட்டின் ஹளரமௌத் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர் பெயரோடு சேர்ந்து வரும் ஹளரமி என்ற சொல் அதையே குறிக்கிறது. சிங்கப்பூரில் வாழும் நமக்கு இது அந்நியமான ஊர் அல்ல. அல்ஜுனைத், அல்சகாஃப், அல்காஃப் என்று நாம் தினமும் சொல்லும் பெயர்கள் எல்லாம் அதே ஹளரமௌத்திலிருந்து கடல் வழியே கிழக்கே வந்த குடும்பங்களின் பெயர்கள்தாம். இப்னு கல்தூனின் முன்னோர் மேற்கே போனார்கள். ஸ்பெயினில் இஷ்பீலியா என்னும் செவில் நகரில் பல தலைமுறைகள் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். 1248இல் அந்நகரம் முஸ்லிம்களின் கையைவிட்டுப் போவதற்குச் சற்று முன்பே, ஆபத்தை உணர்ந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆக, பிறப்பதற்கு முன்பே அவர் ஒரு சபராளிக் குடும்பத்தின் பிள்ளை.

பாட்டனார் அரசுப் பதவிகளில் இருந்தவர். தந்தையோ அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கி, கல்வியிலும் வணக்கத்திலும் வாழ்க்கையைக் கழித்தவர். மகன் சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார். ஹதீஸ், மாலிக்கி சட்டம், அரபி இலக்கணம், கவிதை ஆகியவற்றைத் தந்தையிடமும் ஊரின் பெரிய ஆலிம்களிடமும் கற்றார். 1347இல் மொரோக்கோவின் மரீனிய சுல்தான் தூனிஸைக் கைப்பற்றியபோது, அவருடன் பெரிய அறிஞர் கூட்டமே வந்து சேர்ந்தது. அவர்களில் ஆபிலி என்ற ஆசிரியரிடம் கணிதமும் தர்க்கமும் தத்துவமும் கற்கும் வாய்ப்பு அந்த இளைஞருக்குக் கிடைத்தது. வீடு நிறைய உறவினர், ஊர் நிறைய ஆசிரியர்கள் என்று எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

பதினேழு வயதில் வந்த பேரிழப்பு

1348இலும் 1349இலும் உலகத்தையே உலுக்கிய கொள்ளைநோய் தூனிஸுக்கும் வந்தது. ஐரோப்பாவில் கறுப்புச் சாவு என்று பெயர் பெற்ற அதே நோய்தான். இப்னு கல்தூனின் தாயும் தந்தையும் அதில் வஃபாத்தானார்கள். ஓதிக்கொடுத்த ஆசிரியர்களில் பலரும் போய்விட்டார்கள். அப்போது அவருக்கு வயது 17.

கொவிட் காலத்தில் ஜனாஸாவில்கூடக் கலந்துகொள்ள முடியாமல் உறவுகளை இழந்த குடும்பங்கள் நம்மிலும் உண்டு. ஆகவே அந்த இளைஞரின் நிலையை நாம் விளக்கத் தேவையில்லை. உயிரோடு இருந்த ஆசிரியர்களும் ஒவ்வொருவராக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். ஆபிலியும் ஃபெஸ் நகரத்துக்குப் போனார். பின்னாளில் முகத்திமாவில் அவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். தன் வீட்டுத் துக்கமாக அதை எழுதவில்லை. நகரங்கள் எப்படிக் காலியாயின, அரசுகள் எப்படித் தளர்ந்தன, உலகமே புதிதாகப் படைக்கப்பட்டதுபோல் எப்படி மாறிப்போனது என்று எழுதினார். இப்படி மாறிப்போன உலகத்தை யாராவது முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வலுப்பட்டது. ஏன் எனக்கு இப்படி நடந்தது என்ற கேள்வி, உலகில் இப்படி ஏன் நடக்கிறது என்ற கேள்வியாக மாறியது. அவர் மனத்தைக் காத்த முதல் மருந்து இதுவே என்று நாம் நினைக்கிறோம்.

அரண்மனையும் சிறையும்

இருபது வயதில் முதல் அரசுப் பணி கிடைத்தது. தூனிஸ் அரசரின் ஆவணங்களில், பிஸ்மிக்கும் கடிதத்துக்கும் இடையே, அல்லாஹ்வுக்குப் புகழும் நன்றியும் கூறும் வாசகத்தைத் தடித்த எழுதுகோலால் எழுதும் வேலை. மரியாதையான வேலைதான். ஆனால் மனம் படிப்பையே தேடியது. வாய்ப்புக் கிடைத்ததும் ஊரைவிட்டுக் கிளம்பினார். 1354இல் ஃபெஸ் சென்று, சுல்தான் அபூ இனானின் அவையில் சேர்ந்தார். பகலில் அரண்மனை வேலை, மற்ற நேரத்தில் அந்நகரத்து அறிஞர்களிடம் பாடம் என்று வாழ்க்கை ஓடியது.

அது நிலைக்கவில்லை. அரசருக்கு எதிரான சதியில் பங்கு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1357இல் சிறையில் அடைக்கப்பட்டார். 21 மாதங்கள் சிறைவாசம். விடுதலை கேட்டுச் சுமார் 200 அடிகளில் ஒரு கவிதை எழுதி அனுப்பினார். அரசர் மனம் இளகி, ஃபெஸ் திரும்பியதும் விடுவிப்பதாக வாக்களித்தார். ஆனால் திரும்பிய சில நாட்களில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். பிறகு பொறுப்பேற்ற அமைச்சர்தான் சிறைக் கதவைத் திறந்துவிட்டார்.

இங்கே ஒன்றை நாம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்னு கல்தூன் வலிமார்களின் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர் அல்லர். இளமையில் பதவி ஆசை அவருக்கு நிறைய இருந்தது. ஓர் அரசர் தளர்ந்தால் இன்னொருவர் பக்கம் போனார். அதைத் தன் வரலாற்றில் அவரே எழுதியும் வைத்திருக்கிறார். குறையே இல்லாத மனிதரின் மன உறுதியிலிருந்து நாம் கற்பது கடினம். நம்மைப் போலவே ஆசையும் தவறும் உள்ளவர் எப்படித் தேறினார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

கிரனாடாவும் பிஜாயாவும்

1362இல் அவர் ஸ்பெயினில் எஞ்சியிருந்த முஸ்லிம் அரசான கிரனாடாவுக்குச் சென்றார். ஆட்சியை இழந்து ஃபெஸில் தங்கியிருந்தபோது அதன் சுல்தான் ஐந்தாம் முஹம்மதுக்கு அவர் உதவியிருந்தார். அந்த நன்றியை மறவாமல் சுல்தான் அவரைச் சிறப்பாக வரவேற்றார். அமைச்சரும் பெரும் கவிஞருமான இப்னுல் கதீப் நெருங்கிய நண்பரானார்.

1364இல் செவில் நகரிலிருந்த கிறிஸ்துவ மன்னர் பெத்ரோவிடம் தூது போனார். முன்னோர் வாழ்ந்த ஊரில் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்களைக் கண்ணால் பார்த்தார். தம்மிடமே தங்கிவிட்டால் குடும்பத்தின் பழைய சொத்துகளைத் திருப்பித் தருவதாக மன்னர் சொன்னார். இப்னு கல்தூன் மரியாதையாக மறுத்துவிட்டார். மன்னர் பரிசாகக் கொடுத்த, பொன் வேலைப்பாடு கொண்ட சேணம் பூட்டிய கோவேறு கழுதையையும் கொண்டுவந்து தன் சுல்தானிடமே கொடுத்துவிட்டார். போன சொத்து போனதுதான் என்று ஏற்றுக்கொள்ள அவருக்கு முடிந்தது. ஊரில் பாகம் பிரிக்கப்படாத ஒரு மனைக்காகப் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்களை அறிந்த நாம், இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

அடுத்த ஆண்டு பிஜாயா என்ற கடற்கரை அரசு அவரை அழைத்தது. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள அந்நகரில் அரசருக்கு அடுத்த நிலையில் உள்ள ஹாஜிப் பதவி கிடைத்தது. ஊர் மக்கள் திரண்டு வந்து கையை முத்தமிட்டு வரவேற்றார்கள். ஆனாலும் காலையில் அரசாங்க வேலையை முடித்துவிட்டு, எஞ்சிய பொழுதில் கோட்டைப் பள்ளிவாசலில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லப் போய்விடுவார். பதவி எவ்வளவு உயர்ந்தாலும் பாடம் சொல்வதை அவர் விடவில்லை. பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான்.

ஓர் ஆண்டு முடிந்தது. அரசர் உறவினரோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். நகரத்தில் மேலும் இரத்தம் சிந்த வேண்டாம் என்று, வென்றவரிடமே நகரை ஒப்படைத்துவிட்டு இப்னு கல்தூன் வெளியேறினார். அதன்பின் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பாலைவனக் கோத்திரங்களுக்கும் அரசர்களுக்கும் இடையே அலைந்தார். 1374இல் நண்பர் இப்னுல் கதீப் ஃபெஸ் நகரச் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவரைக் காப்பாற்ற இப்னு கல்தூன் செய்த முயற்சி பலிக்கவில்லை.

கோட்டையில் நான்கு ஆண்டுகள்

1375. வயது 43. இனி அரசியல் போதும் என்று முடிவெடுத்தார். குடும்பத்துடன் இப்னு ஸலாமா கோட்டை என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அல்ஜீரியாவின் ஃப்ரெந்தா நகருக்கு அருகே உள்ள குன்றின் மேல் ஒதுக்குப்புறமான இடம். பனூ ஆரிஃப் கோத்திரத்தார் அடைக்கலம் கொடுத்தார்கள்.

நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். அரண்மனைகளில் கிடைக்காத ஓய்வு கிடைத்தது. கண்டதும் கேட்டதும் இழந்ததும் எல்லாம் மனத்தில் சேர்ந்து கிடந்தன. 1377இல் ஐந்தே மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். எண்ணங்கள் மழைபோல் கொட்டின என்ற பொருளில் அவரே அந்த நாட்களை நினைவுகூர்கிறார்.

அந்த நூலில் என்ன இருக்கிறது? மனிதர்கள் ஏன் சேர்ந்து வாழ்கிறார்கள், ஒரு கூட்டத்தை ஒன்றாகப் பிணைக்கும் பாசம் எது, அரசுகள் எப்படி எழுகின்றன, ஆடம்பரம் எப்படி அவற்றை அரிக்கிறது, வரியைக் கூட்டினால் வருமானம் ஏன் குறைகிறது, மனித உழைப்பு எப்படிச் செல்வமாகிறது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் முறையைப் பற்றியும் எழுதினார். கடுமையாக அடித்து வளர்த்தால் பிள்ளையின் உற்சாகம் போய்விடும், தண்டனைக்குப் பயந்து பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும், அதுவே குணமாகிவிடும் என்று எச்சரித்தார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும்போது வீட்டில் குரல் உயர்த்தும் நமக்கும் இது பொருந்தும்.

சிறையில் தள்ளிய அரசர், துரத்திய பகைவர், கைவிட்ட நண்பர் என்று ஒவ்வொருவரையும் திட்டித் தீர்க்க அவருக்குக் காரணம் இருந்தது. அதைச் செய்யாமல், அவர்கள் எல்லாரும் ஏன் அப்படி நடந்தார்கள் என்பதற்கு விதி தேடினார். விதி புரிந்த பிறகு ஆட்கள் மீதிருந்த கசப்பு தானாகவே குறைந்திருக்க வேண்டும்.

கெய்ரோவும் கடலும்

கடுமையான நோயிலிருந்து தேறிய பிறகு, நூலைச் செம்மைப்படுத்தப் புத்தகங்கள் தேவைப்பட்டன. 1378இல், கால் நூற்றாண்டுக்குப் பின் பிறந்த ஊரான தூனிஸுக்குத் திரும்பினார். பெற்றோரின் கப்ருகள் உள்ள ஊர். மாணவர்கள் திரண்டார்கள். அதனாலேயே பொறாமையும் வந்தது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் வரலாற்றாசிரியரான தம்பி யஹ்யா திலிம்சானில் கொலை செய்யப்பட்டார். தூனிஸ் சுல்தான் தன் படையெடுப்புகளுக்கு எல்லாம் அவரை உடன் அழைத்தார். இனியும் தங்கினால் பழைய கதைதான் என்று உணர்ந்து, ஹஜ்ஜுக்குப் போவதாக அனுமதி பெற்று 1382 அக்டோபரில் கப்பலேறினார். அப்போது வயது 50. அலெக்சாந்திரியா வழியாகக் கெய்ரோ சென்றார்.

கெய்ரோவின் பிரமாண்டம் அவரை வியக்க வைத்தது. அல்அஸ்ஹரில் பாடம் சொன்னார். மம்லூக் சுல்தான் பர்கூக் மதரஸா ஒன்றில் ஆசிரியர் பதவி கொடுத்தார். 1384இல் மாலிக்கி தலைமைக் காழியாகவும் நியமித்தார். நீதிமன்றத்தில் லஞ்சமும் பொய்ச் சாட்சியும் மலிந்திருந்தன. செல்வாக்கு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் அவர் கண்டிப்பாக நடந்துகொண்டார். சிபாரிசுகளை ஏற்க மறுத்தார். உடனே நாலாபக்கமும் எதிரிகள் முளைத்தார்கள்.

மனைவி மக்கள் இன்னும் தூனிஸில்தான் இருந்தார்கள். இவர் திரும்பி வர வேண்டும் என்பதற்காக அந்நாட்டு சுல்தான் அவர்களை அனுப்பாமல் வைத்திருந்தார். பர்கூக் பரிந்துரைத்துக் கேட்ட பிறகே அனுமதி கிடைத்தது. குடும்பம் கப்பலேறியது. எகிப்துக் கரையை நெருங்கும் வேளையில் புயல் வந்தது. கப்பல் கவிழ்ந்தது. மனைவியும் பிள்ளைகளும் வீட்டுப் பொருட்களும் கடலோடு போயினர்.

சபராளிகளின் வீடுகளில் பிறந்த நமக்குத் தெரியும். பிரிந்திருந்த குடும்பத்தைத் தன்னிடம் வரவழைப்பது ஒருவர் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய நாள் என்று. வீடு பார்த்து, பாய் விரித்து, துறைமுகத்தில் காத்திருக்கும் நாள் அது. அந்த நாள்தான் அவருக்கு இப்படி முடிந்தது.

தன் வரலாற்றில் இந்த இடத்தை அவர் மிகச் சில வரிகளில்தான் எழுதியிருக்கிறார். துயரம் பெரிதாக இருந்தது, மனம் உலகப் பற்றை விட்டு விலகியது, பதவியைத் துறக்க எண்ணினேன் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். சுல்தான் கோபித்துக்கொள்வார் என்று ஒருவர் அறிவுரை சொன்னதால் சிறிது காலம் தாமதித்தார். 1385இல் அந்தப் பதவி அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அவர் அதை நிம்மதியாகவே ஏற்றுக்கொண்டார். மீண்டும் பாடம் சொல்வதிலும் வாசிப்பதிலும் எழுதுவதிலும் இறங்கினார். 1387இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, கடமையை நிறைவேற்றித் திரும்பினார். திரும்பிய பின் மதரஸா ஒன்றில் இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவைப் பாடமாக நடத்தினார். அடுத்த 14 ஆண்டுகள் காழிப் பதவி இல்லாமலே கழிந்தன.

துக்கத்தை வென்றுவிட்டார் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படி எழுதுவது அவருக்கு நியாயம் ஆகாது. கடலில் போனவர்களின் நினைவு அவரோடே இருந்திருக்கும். ஆனால் காலையில் எழுந்தால் தொழுகை இருந்தது, பாடம் கேட்க மாணவர்கள் காத்திருந்தார்கள், திருத்தி எழுத முகத்திமா இருந்தது. அந்த வரிசை அறுபடாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

தைமூரின் கூடாரத்தில்

1399இல் ஃபையூமில் தன் நிலத்து விளைச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மீண்டும் காழியாக வரும்படி அழைப்பு வந்தது. போனார். அடுத்த ஆண்டே அது பறிபோனது. பிறகு 1400இன் இறுதியில் தைமூரின் படை சிரியாவுக்குள் நுழைந்தது. இளம் சுல்தான் ஃபரஜுடன் அவரும் திமிஷ்க் நகருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. கெய்ரோவில் கலகம் என்ற செய்தி கேட்டு சுல்தான் திரும்பிப் போய்விட, இப்னு கல்தூன் முற்றுகையிடப்பட்ட நகருக்குள் மாட்டிக்கொண்டார்.

1401 ஜனவரி. 68 வயது முதியவர் கோட்டைச் சுவரிலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டு, உலகமே நடுங்கிய அந்த வெற்றி வீரனின் கூடாரத்துக்குப் போனார். மொழிபெயர்ப்பாளர் வழியே இருவரும் பேசினார்கள். மேற்கு நாடுகளைப் பற்றி எழுதித் தரும்படி தைமூர் கேட்டபோது எழுதிக் கொடுத்தார். குர்ஆன் பிரதி ஒன்று, அழகிய தொழுகை விரிப்பு, புர்தா கவிதைப் பிரதி, எகிப்திய இனிப்புப் பெட்டிகள் நான்கு ஆகியவற்றைப் பரிசாகக் கொண்டுபோனார். தன்னோடு வந்த அதிகாரிகளுக்கும் ஆலிம்களுக்கும் பாதுகாப்புக் கடிதம் பெற்றார். நகரம் கொள்ளையிடப்பட்டு எரிந்ததையும் அவர் காண நேர்ந்தது.

விடைபெறும்போது தைமூர் அவருடைய கோவேறு கழுதையை விலைக்குக் கேட்டார். விற்பனை எதற்கு என்று இவர் கொடுத்துவிட்டார். கெய்ரோ திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்து எல்லாவற்றையும், உடுத்திய உடை உட்படப் பறித்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தார். பின்னர் தைமூர் அந்தக் கழுதைக்கான விலையைத் தூதர் மூலம் அனுப்பிவைத்தார். எதிரி நாட்டுப் பணம் ஆயிற்றே என்று, தன் சுல்தானிடம் சொல்லி அனுமதி பெற்ற பிறகே அதைத் தொட்டார். சிறிய செய்திதான். ஆனால் பட்ட அடிகளால் அவர் மனம் கோணவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

வந்த சில வாரங்களில் மறுபடியும் காழி. பிறகு நீக்கம். பிறகு நியமனம். மொத்தம் ஆறு முறை அந்தப் பதவிக்கு வந்தார். ஆறாவது முறை பொறுப்பேற்ற சில நாட்களில், ஹிஜ்ரி 808 ரமளான் மாதத்தின் கடைசிப் பத்தில், 1406 மார்ச்சில் கெய்ரோவில் வஃபாத்தானார். ரமளானில் பிறந்து ரமளானிலேயே போனார். நஸ்ர் வாசலுக்கு வெளியே சூஃபிகளின் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். எகிப்தில் வாழ்ந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளிலும் அவர் தன் ஊரின் மக்ரிபு உடையையே அணிந்துவந்தார். எத்தனை ஊர் மாறினாலும் தான் யார் என்பதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

நமக்கு என்ன?

இந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, அவரைத் தாங்கிய தூண்கள் சில நம் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதலாவது, பிறர் எடுத்துவிட முடியாத ஒரு வேலை. பதவி கொடுப்பவரும் எடுப்பவரும் அரசர். ஓதிக்கொடுப்பதையும் எழுதுவதையும் எந்த அரசராலும் எடுக்க முடியவில்லை. சம்பளத்துக்கு அப்பால், மனம் நிறையும் ஒரு வேலையை நாம் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். மதரஸாவில் பாடம் சொல்வதாக இருக்கலாம், சங்கத்தின் கணக்கு எழுதுவதாக இருக்கலாம், நோன்புக் கஞ்சி காய்ச்சும் குழுவில் ஒருவராக நிற்பதாகவும் இருக்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சோர்ந்துபோகாத பெரியவர்களைக் கவனித்தால் இது விளங்கும்.

இரண்டாவது, துன்பத்தைத் தனக்கு மட்டும் வந்ததாக அவர் எண்ணவில்லை. எல்லா மனிதருக்கும் எல்லாக் கூட்டத்துக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் உயர்ந்தபோது மயங்கினாலும், தாழ்ந்தபோது உடைந்துபோகவில்லை.

மூன்றாவது, விலக வேண்டிய நேரத்தில் விலகத் தெரிந்திருந்தது. 43 வயதில் ஒரு குன்றின் மேல் ஒதுங்கினார். 50 வயதில் புது ஊரில் முதலிலிருந்து தொடங்கினார். வெட்கப்படவில்லை.

நான்காவது, சிறு வயதில் நெஞ்சில் பதிந்த குர்ஆனும் தினசரி வணக்கமும். வீடு, புத்தகம், உறவு எல்லாம் போன பிறகும் அவை அவரோடு வந்தன.

இன்னும் ஒன்று உண்டு. அது தனி மனிதரைவிடச் சங்கத்துக்கு அதிகம் பொருந்துவது. ஒரு கூட்டத்தைச் சேர்த்துக் கட்டும் பாசத்துக்கு அவர் அஸபிய்யா என்று பெயர் வைத்தார். ஒரு தலைமுறைக்கு 40 ஆண்டுகள் என்று கணக்கிட்டார். முதல் தலைமுறை கஷ்டப்பட்டு உருவாக்கும். இரண்டாம் தலைமுறை அந்தக் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்ததால் ஓரளவு காக்கும். மூன்றாம் தலைமுறை, எல்லாம் எப்போதும் இப்படியே இருந்தது என்று எண்ணிக்கொண்டு கைவிட்டுவிடும். அரசுகளைப் பற்றி அவர் சொன்ன கணக்கு இது. ஆனால் 50 ஆண்டுகளைக் கடந்த எந்தச் சங்கமும் இதைப் படித்துவிட்டுச் சும்மா புரட்டிப் போக முடியாது.

அவர் கணக்குப்படி நாம் இப்போது இரண்டாம் தலைமுறையில் நிற்கிறோம். ஊரிலிருந்து வந்தவர்கள் ஓர் அறையில் பத்துப் பேராகப் படுத்துறங்கி, மாதச் சம்பளத்திலிருந்து சில வெள்ளிகளை எடுத்து வைத்து, ஒருவர் மௌத்தானால் மற்றவர்கள் தோள் கொடுத்த நாட்களைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தக் கதைகளைப் பேரப்பிள்ளைகள் கேட்டுவிட வேண்டும். நெருக்கடி வந்தபோது நம்மவர்கள் மனம் தளராமல் இருந்ததற்குப் பெரிய காரணம், தன்னந்தனியாக இல்லை என்ற உறுதிதான். அந்த உறுதி கட்டடத்தில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது.

ஆகவே இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது, வீட்டில் மூத்தவரிடம் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அத்தா, நீங்கள் சபர் வந்த கதை என்ன, மிகவும் கஷ்டப்பட்ட நாள் எது, அன்று உங்களைத் தாங்கியது யார் என்று. பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் இழந்த ஒரு மனிதர் எழுதி வைத்ததால்தான் 600 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அவரிடம் ஆறுதல் பெறுகிறோம்.

இப்னு கல்தூன் அவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. நம் முன்னோரின் சபரை ஏற்றுக்கொண்டு, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் சபுரைத் தருவானாக. ஆமீன்.